நாடிக்கு ஊசி போடுமுன்

நாகர்கோவில்

அன்புள்ள சுகந்திக்கு,

ஓணத்துக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாதது தப்புதான். இங்கே எல்லாரும் சுகம், பெரியம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிதான் என்னை உடனே எழுத வைத்தது. மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், மார்த்தாண்டத்துப் பார்லரில் நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, போடாக்ஸ் ஊசியா? வேண்டாம் பிள்ளே.

ஊசியைக் குறை சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் கீழுதட்டை மேலே தள்ளிப் பார். நாடித் தோல் நார்த்தங்காய்த் தோல்போலக் குழிகுழியாகும். கணக்கு டீச்சர் திட்டினால் உனக்கு முதலில் சுருங்குவதே அதுதானே! எலும்பிலிருந்து கிளம்பித் தோலில் ஒட்டும் மென்டாலிஸ் தசை இழுப்பதால் வருவது. கிரீம் பூசி என்ன பலன்? போடாக்ஸ் அந்தத் தசைக்கு வரும் நரம்புத் தூண்டுதலைத் தடுக்கும். தசை தளர்ந்தால் தோல் சமமாகும்.

அளவு சின்னது. 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சலைன் கலந்தால் 0.1 மி.லி.க்கு 4 யூனிட். நாடிக்குப் பெரும்பாலும் மொத்தம் 4 முதல் 8 யூனிட் போதும். நடுக்கோட்டை ஒட்டி, நாடியின் கீழ்ப்பக்கம், ஆழமாக இறக்க வேண்டும். 100 கோடு உள்ள 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் 10 கோடுதான் இந்த 4 யூனிட். கோட்டையே யூனிட்டாக எண்ணினால் கணக்கு தப்பும். இதே வகையில் டிஸ்போர்ட் என்ற இன்னொரு மருந்து என்றால் அதன் யூனிட்டே வேறு.

எனக்குப் பயம் ஊசி விலகுவதில்தான். பக்கவாட்டில் தள்ளிப் போனால் கீழுதட்டை இறக்கும் தசை தளரும். சிரிக்கும்போது அந்தப் பக்க உதடு இறங்காது, சிரிப்பு கோணும். உயரே போய் உதட்டைச் சுற்றிய தசைக்குப் பரவினால் தண்ணீர் கடைவாயில் வழியும், ‘ப’வும் ‘ம’வும் குழறும். தோலுக்கடியில் நிரப்பும் ஹயலுரோனிக் ஃபில்லரைக் கரைக்க மருந்து உண்டு. போடாக்ஸுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். பந்தல் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்க வேண்டியவள் நீ.

2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அழகுக்காக போடாக்ஸை முதலில் அனுமதித்தது புருவ நடுக்கோட்டுக்கு. நாடி அந்த அனுமதியில் இல்லை, அங்கே போடுவது டாக்டர் தன் பொறுப்பில் செய்வது. பார்லரில் அந்தப் பொறுப்பை யார் ஏற்பார்? கரண்ட் போனால் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்று யாரிடம் கேட்பாய்?

பலன் சில நாளில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுசாகும். மூன்று நான்கு மாதம் நிற்கும். அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் குறை தெரியும், போதாத இடத்தில் கொஞ்சம் சேர்த்துப் போடவும் முடியும். ஆகவே முகூர்த்தத்துக்கு ஒரு மாதமாவது இருந்தால் தோல் டாக்டரிடம் போவோம். இல்லையென்றால் கல்யாணம் முடியட்டும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கு, நானே கூட்டிப்போகிறேன். பார்லரில் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது போகட்டும்.

உன்
லீலா