பிரவுனி 'திடீரென்று' கடிக்கவில்லை: நம் வளாகத்தில் நாய் வளர்க்கும் 23 வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் சி பிளாக், மூன்றாவது மாடி. காலை ஐந்தே முக்காலுக்கு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கிய செம்பட்டை நிற நாட்டு நாயோடு பின்கேட் வழியாகப் போகிற ஆள். என்னைத் தெரியாதவர்களுக்கும் மணியைத் தெரியும். என் கணக்குக்கு நம் வளாகத்தில் 23 நாய்கள்: லாப்ரடார்கள், பக்குகள், ஷிட்சூக்கள், ஒரு ராஜபாளையம், இந்தச் சென்னை வெயிலில் பாவம் ஒரு ஹஸ்கி. அந்த 23 வீடுகளுக்கும்தான் எழுதுகிறேன். சங்கத்துக்காரர்கள் படித்தால் படிக்கட்டும், ஆனால் இது அவர்களுக்கான மடல் இல்லை.

போன மாதம் பி பிளாக் பிறந்தநாள் விழாவில் பிரவுனி ஒரு பையனின் கன்னத்தில் பல்லைப் பதித்தது எல்லோருக்கும் தெரியும். நல்லவேளை, ஆழமாக இறங்கவில்லை, ஆனாலும் குழந்தைக்கு ஊசி போட வேண்டியதாகிவிட்டது. மறுநாளிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே வார்த்தைதான் ஓடியது, "திடீர்னு கடிச்சிருச்சு". வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். ஆறு வருஷமாக ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத நாய், திடீரென்று என்ன ஆனதோ என்று. சங்கம் உடனே வாய்மூடி பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது.

அதே குழுவில்தான் அந்த விழாவின் வீடியோவும் வந்தது. கேக் வெட்டுவதற்கு முந்தைய பத்து நிமிடம். நான் அதை நாலு தடவை பார்த்தேன், பையனையோ கேக்கையோ பார்க்காமல் பிரவுனியை மட்டும் பார்த்தேன். முதலில் ஒரு குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. பிரவுனி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. தலையில் பிறந்தநாள் தொப்பி மாட்டுகிறார்கள்; மூக்கை ஒரு தடவை நக்கிக்கொள்கிறது. தின்ன எதுவும் இல்லாதபோது நாய் அப்படி நக்கிக்கொண்டால் அது பசி இல்லை. அப்புறம் ஒரு பெரிய கொட்டாவி, எல்லோரும் "அச்சச்சோ தூக்கம் வருது பாரு" என்று சிரிக்கிறார்கள். காது பின்னால் ஒட்டிக்கொண்டது, கண்ணில் வெள்ளை தெரிகிறது, எழுந்து சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம். பெல்ட்டைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உறுமியது. "நோ! பேட் பாய்!" என்று தலையில் ஒரு தட்டு. அடுத்த குழந்தை வந்து கட்டிக்கொண்டபோது பிரவுனி உறுமவில்லை. அதுதான் வேண்டாம் என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார்களே. மிச்சம் இருந்தது பல் மட்டும்தான்.

திடீர் எங்கே இருக்கிறது இதில்? பத்து நிமிடமாக அந்த நாய் தன்னிடம் இருந்த எல்லா வார்த்தையையும் சொல்லிப் பார்த்துவிட்டது. பையனின் பெற்றோர் கோபப்பட்டது நியாயம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாய் வைத்திருக்கிற நாம் "திடீர்னு" என்று சொல்லக் கூடாது. உறுமுகிற நாய்க்கு நான் நன்றி சொல்வேன், சத்தியமாக. எங்கே பிடிக்கவில்லை என்று உறுமல்தானே நமக்குச் சொல்கிறது. அதை அடித்து அடக்கினால் நாய் சாதுவாகிவிடாது, எச்சரிக்கை மணி மட்டும்தான் நின்றுபோகும்.

கட்டிப்பிடிக்கிற விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் இதைச் சொன்னால்தான் எல்லோருக்கும் கோபம் வருகிறது. "என் நாய்க்கு நான் கட்டிக்கிட்டா ரொம்ப இஷ்டம்." இருக்கலாம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 2016இல் ஒரு வேலை செய்தார். மனிதர்கள் நாயைக் கட்டிக்கொண்டிருக்கிற 250 படங்களை இணையத்திலிருந்து எடுத்து, நாயின் முகத்தையும் உடம்பையும் மட்டும் கவனித்தார். 81.6 சதவீதப் படங்களில் நாயிடம் ஒரு சங்கட அறிகுறியாவது இருந்தது. இது முறையான ஆய்விதழில் வந்ததில்லை, ஒரு பத்திரிகைப் பத்தியில் எழுதியதுதான், அதனால் கல்லில் செதுக்கிய உண்மை என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் அதைப் படித்தபின் என் போனில் இருந்த படங்களை எடுத்துப் பார்த்தேன். நான் பல்லைக் காட்டிச் சிரிக்கிறேன், மணி எல்லாப் படத்திலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாய்க்கு ஓடுவதுதான் முதல் தற்காப்பு, இரண்டு கையால் கட்டிப்போட்டால் அது போய்விடுகிறது. நெஞ்சிலோ தாடைக்குக் கீழோ சொறிந்துவிட்டு மூன்று விநாடியில் கையை எடுத்துப் பாருங்கள். வேண்டும் என்றால் அதுவே வந்து ஒட்டும். மணி நாலில் மூன்று தடவை ஒட்டுவான், ஒரு தடவை எழுந்து போய்விடுவான். அந்த ஒரு தடவையை மதிக்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. மணி குட்டியாக வந்த புதிதில் நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது ஹாலில் மூத்திரம் போயிருப்பான். நான் உள்ளே நுழைந்ததுமே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டுவான். "பாத்தியா, பண்ண தப்பு தெரியுது அவனுக்கு" என்று பேப்பரைச் சுருட்டி அடித்திருக்கிறேன். மூக்கை அதிலேயே தேய்த்தும் இருக்கிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, நியூயார்க்கில் பார்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதையே சோதித்திருக்கிறார். தின்னக் கூடாது என்று சொல்லி ஒரு தீனியை வைத்துவிட்டு எஜமானரை வெளியே அனுப்பி, திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்று சில சமயம் பொய் சொல்லித் திட்ட வைத்தார்கள். அந்தக் 'குற்ற முகம்' தின்றதால் வரவில்லை, திட்டு விழுந்ததால் வந்தது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் அதிகமாகக் காட்டின. மணி சுவரோடு ஒட்டியது மூத்திரத்தை நினைத்து இல்லை, சாவி சத்தத்தையும் என் முகத்தையும் நினைத்து. வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்து நடுங்குகிற மாதிரி ஒரு குட்டியைப் பழக்கியிருக்கிறேன், அவ்வளவுதான் நான் சாதித்தது.

போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் உண்டு. கத்தி, கழுத்தைச் சுண்டி, தண்டித்துப் பழக்குகிற பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சி முடிந்ததும் எச்சிலில் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது, உதடு நக்கலும் கொட்டாவியும் அதிகம். கழுத்தில் இறுகும் சங்கிலி போட்டு, கட்டை விரலால் விலாவில் குத்தி, பதினைந்து நாளில் 'ஒபீடியன்ஸ்' கற்றுத்தருகிறேன் என்று வருகிற ஆட்களுக்கு நம் வளாகத்திலேயே நாலைந்து வீடுகள் மாதாமாதம் பணம் கொடுக்கின்றன. யார் யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

சரி, நடைக்கு வருவோம். காலையில் பார்க்கிறேன், ஒரு கையில் போன், ஒரு கையில் கயிறு. நாய் ஒரு கம்பத்தருகே நின்று மூக்கை வைத்ததுமே ஒரு இழு. "ச்சீ, வா, என்ன அங்க." நமக்கு மூக்கில் மணம் உணரும் ஏற்பிகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இனத்தைப் பொறுத்து இருபது முப்பது கோடி வரை. அந்தக் கம்பம் அதற்கு டீக்கடை பெஞ்ச் மாதிரி. யார் வந்தார்கள், எப்போது போனார்கள், தெரு நாய்க்கு உடம்பு எப்படி, எல்லாம் அங்கேதான் கிடைக்கும். இருபத்து மூன்றரை மணி நேரம் நாலு சுவருக்குள் இருந்துவிட்டு வருகிற ஜீவனுக்கு இந்த அரை மணி நேரத்தையும் நம் ஸ்டெப் கவுண்டுக்காகப் பிடுங்கிக்கொள்கிறோம். முன்பு நான் மணியை மூன்று கிலோமீட்டர் நடத்தியும் வீட்டில் வந்து செருப்பைக் கடிப்பான். இப்போது அவன் மூக்கு போகிற போக்கில் விடுகிறேன், சில நாள் அரை கிலோமீட்டர்கூடத் தாண்ட மாட்டோம், வந்து குறட்டை விட்டுத் தூங்குகிறான்.

அந்த மூக்கை வீட்டுக்குள் என்ன பாடு படுத்துகிறோம் என்பது தனிக் கதை. காலையில் பினாயில், சாயங்காலம் சாம்பிராணி, இரவு கொசுவர்த்தி, வாரத்துக்கு மூன்று தடவை வாசனை ஷாம்பு, மேலே பவுடர் வேறு. குளிப்பாட்டியதும் போய் மண்ணில் புரள்கிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். உங்களை யாராவது அத்தர் அண்டாவில் முக்கி எடுத்தால் நீங்களும் புரள்வீர்கள்.

நாம் இடுகிற கட்டளையும் அப்படித்தான். ஏ பிளாக்கில் ஒரு பக் இருக்கிறது. அப்பா "சிட்" என்கிறார், அம்மா "உக்காரு", பாட்டி "ஒக்காருடா தங்கம்", பையன் இந்தியில் "பைட்". சோபாவில் ஏறினால் அப்பா திட்டுகிறார், பாட்டி மடியில் வைத்துக்கொள்கிறார். நாயை முட்டாள் என்கிறார்கள். ஒரே ஆபீசில் நாலு மேனேஜர் இருந்தால் நீங்கள் எப்படி இருப்பீர்கள்?

பால்கனி பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. மூன்று வீடுகளில் பகல் முழுக்க நாய் பால்கனியில் கட்டிக் கிடக்கிறது, டைல்ஸ் கொதிக்கிறது. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம், மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான். புறங்கையை அந்தத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் அது நிற்கிற இடமும் இல்லை, நடக்கிற ரோடும் இல்லை. குடியிருப்பில் நாயே கூடாது என்று சங்கம் தடை போட முடியாது என்கிற விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலைக் குழுவில் வாரம் ஒரு தடவை போடுகிறீர்களே, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவையும் ஒரு தடவை போடுங்கள். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிற நாய்க்குப் போதிய நடை கொடுக்காமல் இருப்பதே அதில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், அதனால்தான் யாருக்கும் பயமில்லை.

லிஃப்ட்டில் "ஒண்ணும் பண்ணாது, தொட்டுப் பாருங்க" என்று சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். தொடுகிறவருக்கும் பயம், நாய்க்கும் பயம், நடுவில் உங்களுக்கு மட்டும்தான் பெருமை.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியையும் எடுத்து கார்டிசாலை அளந்தார்கள், 2019இல் முடிவு வந்தது. மனிதருக்கு நீண்ட நாள் அழுத்தம் கூடியிருந்த இடத்தில் நாய்க்கும் கூடியிருந்தது. நானும் என் மனைவியும் ஒரு வருஷம் தினமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மணி முன்னங்காலைப் புண்ணாகும் வரை நக்கினான். மருத்துவர் களிம்பு கொடுத்தார். களிம்பில் ஆறவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

பிரவுனியை எங்கேயாவது கொடுத்துவிடலாமா என்று அந்த வீட்டில் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். கொடுப்பதற்கு முன்னால் அந்த வீடியோவை ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமென்றால் நானும் வந்து உட்காருகிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு மோட்டார் ரூம் பின்னால் இருக்கிற காலி இடத்தில் மணியோடு இருப்பேன். விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள். நீளமான கயிறு கொண்டு வாருங்கள், பந்து வேண்டாம், போனைப் பையிலேயே வையுங்கள். நாய்கள் மோந்து பார்க்கட்டும், நாம் பேசாமல் நிற்போம், அரை மணி நேரம். ஒன்று மட்டும், மணியின் தலையில் தட்டாதீர்கள், அவனுக்குப் பிடிக்காது.

சி பிளாக், மூன்றாவது மாடி
(மணி வீடு)