மாத்திரை தீர்ந்தால் முன்னாடியே சொல்லுங்க

மதிப்பிற்குரிய அரசு மருந்தகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் கைத்தறிக் குடும்பம் எங்களுடையது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும்.

போன மாதமும் அப்பாவின் இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் மாத்திரை "ஸ்டாக் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். கடையில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். ஆஸ்பத்திரியிலேயே அடுத்த வாரம் என்கிறார்கள், அப்படியென்றால் ஒரு வாரம் இல்லாமல் இருக்கலாம் போல என்று அப்பா நம்பிவிட்டார். நான்காம் நாள் நான் கோவையிலிருந்து போனபோது தறிக்குழியில் இறங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு துடிப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினேன், 124. "மலைப்படி ஏறுனாப்ல இருக்குது சாமி" என்றார், உட்கார்ந்தபடியே.

இது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் எச்.சி.என். 4 என்ற அயனி மடைகள், அதாவது சோடியம் போன்ற மின்னூட்டத் துகள்கள் புகும் வாசல்கள். அட்ரினலின் வந்து, அதைப் பிடித்துக்கொள்ளச் செல்லின் மேலிருக்கும் பீட்டா ஏற்பியில் உட்கார்ந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு பெருகும், அது நேராக மடையிலேயே போய் ஒட்டும், மடை சுலபமாகத் திறந்து சோடியம் உள்ளே பாயும், துடிப்பு வேகமெடுக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் இதற்கு நேர்மாறு, பொட்டாசியம் மடையைத் திறந்து வேகத்தைக் குறைக்கும். நரம்பிலிருந்து வரும் ரசாயனம்தான் இதைச் செய்கிறது என்று 1921-லேயே ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டிவிட்டார்.

அப்பாவின் மாத்திரை அந்த பீட்டா ஏற்பியைத்தான் அடைக்கிறது. மாதக்கணக்கில் அடைத்தால் இதயம் சும்மா இருக்குமா, ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று மாத்திரை நின்றால் அத்தனை ஏற்பியிலும் அட்ரினலின் வந்து உட்காரும். அதனால்தான் நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். உங்கள் கவுண்டரில் ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்கள்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கும் நிறுத்துவதற்கும்கூட தேதி சொல்கிறார்கள். மாத்திரைக்கு மட்டும் ஏனுங்க அந்த மரியாதை இல்லை? போர்டில் "செருப்பை வெளியே விடவும்" என்று எழுத இடம் இருக்கிறது, எந்த மருந்து இல்லை என்று எழுத இடம் இல்லையா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கணும். கேட்பது இதுதான்: தீரப்போகிறதென்றால் முன்னாடியே சொல்லுங்க. கொடுக்க முடியாத நாளில் "இதை நிறுத்தக் கூடாது, வெளியே வாங்கிக்கங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் 7-ஆம் தேதி அப்பா மஞ்சப்பையோடு வரிசையில் நிற்பார். கொஞ்சம் பார்த்துச் சொல்லி அனுப்புங்க.