ஃபின்மார்க் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மாவும் நானும் வடிவாகப் பார்த்தோம். ஒஸ்லோவில் எங்களோடு நின்றுவிட்டு அல்தாவுக்கு விமானம், அங்கிருந்து காரில் நூர்காப், அதே பாதையால் திரும்பி உடனே லண்டன். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை நோர்வேயின் வடக்கே கூட்டிப்போக நினைத்தாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் திட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் சின்னவன் வந்து பறித்துவிடுவான். அதனால் எழுதுகிறேன்.

நூர்காப்பைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பாதே. இன்னும் நாலைந்து நாள் கூட்டு. அங்கிருந்து கிழக்கே வராங்கர் கரைக்கு இறங்கு. நீ பிறந்த கரை என்பதற்காகச் சொல்லவில்லை. மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. அந்த வயதில் பரந்த கடலையும் அடிவானத்தையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? பத்து நிமிசம். அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பறவை வேண்டும், தூக்கிப் பார்க்க ஒரு நண்டு வேண்டும், பறித்து வாயில் போட ஒரு பழம் வேண்டும். அதெல்லாம் கிழக்கில் இருக்கிறது.

முதலில் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் சுற்றப்போகும் நோர்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் பரப்பு 48,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். இலங்கையில் ஏறக்குறைய முக்கால்வாசி. அவ்வளவு நிலத்திலும் இருக்கிற சனம் சுமார் 75,000 பேர்தான். ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் வர ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் ஆகும். இடையில் கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. பெற்றோல் நிலையத்தைக் கண்டால் தாங்கி பாதி இருந்தாலும் நிரப்பச் சொல்லு மருமகனிடம். மின்சாரக் கார் எடுப்பதென்றால் எங்கெங்கே சார்ஜ் ஏற்றலாம் என்று முதலே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அல்தாவில் ஒரு முழு நாள் நில்லுங்கள். அங்கே கடலோரப் பாறைகளில் ஆதி மனிதர் செதுக்கிய உருவங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1985இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக்கிய இடம். மிகப் பழையவை ஏறக்குறைய 7,000 வருடத்துக்கு முந்தியவை. பலகை நடைபாதையால் நடந்து பார்க்கலாம், தள்ளுவண்டிகூடப் போகும். மூத்தவளிடம் ஒரு விசயம் சொல்லு: பழைய உருவங்கள் மேலே இருக்கும், புதியவை கீழே கடலுக்குக் கிட்ட இருக்கும். பனியுகத்தில் அந்த நிலத்தை அழுத்திக்கொண்டு கிடந்த பனிப்பாளம் உருகியபின் தரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. செதுக்கியவர்கள் நீர்க்கரையில் இருந்து செதுக்கினார்கள். தரை உயர உயர, பின்னால் வந்தவர்கள் அதற்குக் கீழே செதுக்கினார்கள். சின்னவனுக்கு இதெல்லாம் வேண்டாம். பாறையில் கரடி நடந்துபோன காலடிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அதைக் காட்டி விடு. விரலால் தொடாமல் எண்ணிக்கொண்டே பின்னால் போவான்.

பிறகு நூர்காப். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாகெரொய்யா என்ற தீவின் வடக்கு விளிம்பில், 307 மீற்றர் உயரத்தில் அந்தப் பாறைமுகடு. தீவுக்குக் கடலுக்கு அடியால் ஒரு சுரங்கப்பாதை, 1999இல் திறந்தது, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளம். கடல்மட்டத்துக்குக் கீழே 212 மீற்றர் வரை இறங்கி ஏறும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. மே நடுப்பகுதியில் இருந்து ஜூலைக் கடைசி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. ஆனால் மூடுபனி வந்தால் உங்கள் கையையே பார்க்க முடியாது. அதற்குத் தயாராகப் போங்கள். இரும்பு உலக உருண்டைக்குப் பக்கத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். அப்புறம் கொஞ்சம் தள்ளி வட்டமாகப் பெரிய தட்டுகள் நிற்கும். 1988இல் ஏழு நாட்டுப் பிள்ளைகள் ஏழு பேர் செய்த வேலைப்பாடுகளைப் பெரிதாக்கி வைத்தவை. பெரியவர்கள் அநேகமாகத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். மூத்தவளை அங்கே கூட்டிப் போ.

தெருவில் துருவ மான்கள் வரும். வரும் என்ன, தெருவிலேயே படுத்திருக்கும். ஹோர்ன் அடிக்கக் கூடாது, மெல்ல நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அவை காட்டு மான்கள் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு சாமி பழங்குடிக் குடும்பத்துக்குச் சொந்தம். காதில் வெட்டிய அடையாளத்தை வைத்து யாருடையது என்று கண்டுபிடிப்பார்கள். கோடை மேய்ச்சலுக்கு மாகெரொய்யாவுக்கு வரும் மந்தைகள் இலையுதிர் காலத்தில் நீரிணையை நீந்திக் கடந்து உள்நாட்டுக்குத் திரும்பும். கராஷொக் வழியாகப் போனால் சாமி மக்களின் பாராளுமன்றத்தைப் பாருங்கள். பாராளுமன்றம் 1989இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 2000இல் திறந்தது. சபை மண்டபத்தை அவர்களுடைய கூம்புக் கூடாரத்தின் வடிவில் கட்டியிருக்கிறார்கள். மான் வளர்க்கிற ஒருவரோடு கதைக்கக் கிடைத்தால் பிள்ளைகள் எதையும் கேட்கட்டும், எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்க விடாதே. அது ஒருவரின் சம்பளத்தைக் கேட்பது மாதிரி.

இனி வராங்கர். வராங்கர்பொத்னில் இருந்து ஹாம்னிங்பெர்க் வரை கடலை ஒட்டி 160 கிலோமீற்றர் பாதை. இதை அவசரமில்லாமல் மூன்று நாளில் போங்கள். வாட்சொவில் ஆகாயக் கப்பலைக் கட்டிய இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது. 1926இல் அமுண்ட்சனும் நோபிலேயும் ‘நோர்கே’ என்ற ஆகாயக் கப்பலில் வடதுருவத்துக்கு மேலால் அலாஸ்காவுக்குப் பறந்தார்களே, அந்தப் பயணத்தில் கப்பலைக் கட்டி வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. புல்வெளியால் கொஞ்சத் தூர நடை.

வார்டொ ஊரின் துறைமுகத்தில் இருந்து ஹொர்னொய்யா என்ற சின்னத் தீவுக்குப் படகு போகும். பத்து நிமிச ஓட்டம். உன் முழுப் பயணத்திலும் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இறங்கும்போதே தலைக்கு மேலே பறவைகள். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் கதைக்க வேண்டும். எச்சத்தின் நெடி மூக்கில் ஏறும். எல்லோருக்கும் தொப்பி கட்டாயம், மேல்சட்டைக்கு மேலே மழைச்சட்டையும் போடுங்கள், ஏன் என்று போனதும் விளங்கும். நடைபாதையை ஒட்டியே நீர்க்காகங்கள் கூடு கட்டி இருக்கும். நீ நடந்துபோனால் அது எழும்பாது. கழுத்தை நீட்டிச் சீறும். கண் பச்சைக் கல். உடம்பு கறுப்பு என்று தூரத்தில் நினைப்போம், கிட்டப் பார்த்தால் பச்சை மினுங்கும். பஃபின் என்ற சிவப்பு அலகுக் கடற்பறவைகள் புல் மேட்டில் வளைக்கு முன்னால் நிற்கும். வாய் நிறையச் சின்ன மீன்களைக் குறுக்கே அடுக்கிக் கொண்டுவரும்.

பிள்ளைகளை அதிகநேரம் இருத்திப் பார்க்க வைக்க வேண்டியது லொம்வி என்கிற பறவையை. செங்குத்துப் பாறையின் விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும். கூடே கட்டாது, வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. முட்டையின் ஒரு முனை கூராக இருக்கும். குஞ்சுக்கு மூன்று கிழமை ஆகும்போது, இன்னும் பறக்கவே தெரியாது, அந்த உயரத்தில் இருந்து கீழே குதிக்கும். கீழே கடலில் தகப்பன் பறவை கூப்பிட்டுக்கொண்டு காத்திருக்கும். குதித்த குஞ்சைக் கூட்டிக்கொண்டு நடுக்கடலுக்கு நீந்திப்போவதும் அங்கே வாரக்கணக்கில் ஊட்டி வளர்ப்பதும் தகப்பன்தான். இதை மருமகனிடமும் சொல்லு.

திகதி இங்கேதான் முக்கியம். ஜூலை கடைசியோடு தீவு வெறுமையாகத் தொடங்கிவிடும். நீ ஓகஸ்ட் என்று போட்டிருக்கிறாய். லண்டனில் பள்ளிக்கூடம் எப்போது விடும் என்று தெரியும், ஆனால் கேட்டுப் பார், ஒரு கிழமை முந்தி எடுக்கலாமா என்று. இன்னொன்று: 2023 கோடையில் அந்தக் கரையில் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் செத்தன. செத்த பறவையையோ இறகையோ பிள்ளைகள் தொடக்கூடாது. கண்டிப்பாகச் சொல்லு.

வார்டொவில் இன்னோர் இடம் இருக்கிறது, அது கனமானது. 17ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர் என்று பழி சுமத்தி ஃபின்மார்க்கில் 91 பேரைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்காக 2011இல் கடற்கரையில் நினைவிடம் திறந்தார்கள். நீண்ட இருண்ட மண்டபம், ஆளுக்கொரு சிறு யன்னல், யன்னலுக்கொரு விளக்கு, பக்கத்தில் அந்த ஆளின் கதை. சின்னவனை மருமகன் கோட்டைப் பக்கம் கூட்டிப்போகட்டும். பீரங்கிகள் இருக்கின்றன. நீயும் மூத்தவளும் உள்ளே போங்கள். அவள் கேள்வி கேட்பாள். கேட்கட்டும்.

வீடுகள் எல்லாம் ஏன் ஒரே மாதிரி, ஏன் பழைய வீடே இல்லை என்றும் கேட்பாள். 1944 இலையுதிர் காலத்தில் ஜேர்மன் படை பின்வாங்கும்போது ஃபின்மார்க்கின் பெரும்பகுதியைக் கொளுத்திக்கொண்டு போனது. ஏறக்குறைய 50,000 சனத்தைத் தெற்கே ஏற்றி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் போகாமல் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் ஒளிந்து குளிர்காலத்தைத் தாண்டினார்கள். நான் மீன் தொழிற்சாலையில் வெட்டுமேசையில் நின்ற காலத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அப்படிக் குடிசையில் ஒளிந்திருந்த பிள்ளை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தொர்ஷ்க் (கொட்) மீன் துண்டை வைத்துப் புழு பார்த்து எடுக்கும் வேலை எங்களுக்கு. முதல் நாள் கத்தியைப் பிடிக்கும் விதத்தை மாற்றித் தந்தது அவதான். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது நான் வேலைக்குப் போய்ப் பேசாமல் நின்றேன். அவ ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு பெட்டி உறைந்த மீனும் கம்பளிக் காலுறைகளும் தந்துவிட்டு, தாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து வீடு கட்டியதைச் சொல்லிவிட்டுப் போனா. உன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லு. அந்தக் கரையில் நாங்கள் குளிர்பட்டதும் கைவிறைத்ததும் மட்டும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

ஹாம்னிங்பெர்க்கில் பாதை முடிகிறது. எரியாமல் தப்பிய மிகச் சில ஊர்களில் அது ஒன்று. இப்போது நிரந்தரமாக யாரும் இல்லை, கோடைக்கு மட்டும் வருவார்கள். போகும் வழியில் கற்படைகள் தரையில் இருந்து கூர்கூராக நிமிர்ந்து நிற்கும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே கடையை நம்ப வேண்டாம்.

கடைசியாகப் புகொய்னெஸ், கிர்கெனெஸுக்குப் போகும் வழியில். 1989இல் மீன் தொழில் விழுந்தபோது அந்த ஊரார் எல்லோருமாகச் சேர்ந்து, எங்களை மொத்தமாக ஏற்கும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். பிறகு அவர்களுக்குச் சோறு போட்டது கிங் கிராப் நண்டு. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக்கில் இருந்து கொண்டுவந்து பாரன்ட்ஸ் கடலில் விட்ட நண்டு, மெல்ல மெல்ல நோர்வேக் கரைக்கு வந்து சேர்ந்தது. காலை விரித்தால் சின்னவனை விடப் பெரிது. படகில் கூட்டிப்போய்க் கூடு தூக்கிக் காட்டி, அவித்தும் தருவார்கள். காசு அதிகம்தான், ஆனாலும் செய்யுங்கள். காரை அல்தாவில் எடுத்து கிர்கெனெஸில் விட்டுவிட்டு அங்கிருந்தே ஒஸ்லோவுக்குப் பறக்கலாம். வேறு ஊரில் விடத் தனிக்கட்டணம் கேட்பார்கள்.

மற்றவை சுருக்கமாக. ஹொட்டேலை விட முகாம் இடங்களில் உள்ள சமையலறையோடு கூடிய மரக் குடில்கள் பிள்ளைகளுக்கு வசதி. துறைமுகத்தில் மீன் கிடைத்தால் வாங்கிக் குழம்பு வை. ஜூலையிலும் கரையில் 10 பாகையைச் சுற்றித்தான் இருக்கும், எல்லோருக்கும் கம்பளி உள்ளாடை. உள்நாட்டில் நுளம்பு மேகமாக வரும், வலைத் தொப்பி வாங்கு. இரவு வெளிச்சத்தில் பிள்ளைகள் நித்திரை கொள்ளமாட்டார்கள், யன்னலுக்கு ஒட்டக் கறுப்புத் துணி கொண்டு போ, மணியைப் பார்த்துப் படுக்க வை. கூடாரம் அடிக்க ஆசைப்பட்டால் 1957ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. வீடுகளில் இருந்து 150 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ஜூலை முடிவில் சதுப்பு நிலங்களில் முல்த்தெ பழம் செம்மஞ்சளாகப் பழுக்கும். கண்ட இடத்தில் பறித்துத் தின்னலாம். வாளியில் சேர்ப்பதென்றால் ஊராரைக் கேட்டுவிட்டுச் செய், அந்தப் பழத்தில் அவர்களுக்குப் பிடிவாதம் அதிகம்.

ஓகஸ்டை ஜூலையாக மாற்ற முடியுமா என்று மருமகனோடு கதைத்து இந்தக் கிழமைக்குள் சொல்லு. திகதி தெரிந்தால் ஹொர்னொய்யா படகுக்கும் வார்டொவில் தங்கவும் நானே இங்கிருந்து போன் பண்ணிக் கேட்டு வைக்கிறேன். அம்மா தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறார், லண்டனில் இருந்து அதைக் கொண்டு வர வேண்டாமாம்.

அன்புடன்,
அப்பா