ஏபிஐ விவரக் கோப்பை நீங்களே மாற்றிக் கொடுங்கள்

வடசென்னை கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதும் குழுக்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு லாரி ஆபீசுக்கு ஆப் எழுதுகிறேன். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் எந்த யார்டில் எந்தப் பெட்டி தயார் என்பதை உங்கள் ஏபிஐகளிடம் (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி) கேட்டுத்தான் எங்கள் ஓட்டுநர்களுக்குச் சொல்கிறோம். எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அந்த ஏபிஐகளின் விவரக் கோப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள்.

உங்களில் பலர் இன்னும் ஸ்வாகர் 2.0 என்ற பழைய வடிவத்தில் எழுதிய கோப்பைத்தான் அனுப்புகிறீர்கள். அது 2014-இல் வந்தது. அப்புறம் ஓப்பன்ஏபிஐ என்று பெயர் மாறி, 2017-இல் 3.0, 2021-இல் 3.1 வந்துவிட்டன. எங்கள் கருவிகள் புதியதைக் கேட்கின்றன. அதனால் உங்கள் கோப்பை வாங்குகிற ஒவ்வொரு ஆபீசும் தனித்தனியாக உட்கார்ந்து மாற்றுகிறது.

ஒரு யார்டிலிருந்து 3.0 கோப்பே வந்தது. சந்தோஷப்பட்டோம். ஆனால் யாரோ கையால் திருத்திய கோப்பு அது. பெட்டி எண்களைப் பட்டியலாக அனுப்பும் இடத்தில், பழைய வடிவத்தில் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் கமா போட்டுச் சேர்த்து அனுப்பு என்று அர்த்தம். 3.0-இல் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு எண்ணையும் தனியாக அனுப்பு என்று அர்த்தம். பழைய அர்த்தம் நிலைக்க ‘எக்ஸ்ப்ளோடு: ஃபால்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. அதனால் எங்கள் ஆப் எண்களைத் தனித்தனியாக அனுப்பியது, சர்வரோ கமா போட்ட பட்டியலை எதிர்பார்த்தது. மூன்று பெட்டிகளைக் கேட்டோம், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. மற்ற இரண்டும் தயாராகவில்லை என்று நினைத்து இரண்டு வண்டிகள் விடிய விடிய ரோட்டோரம் நின்றன. பெட்டிகள் சாயங்காலமே தயார். காலையில் அந்த ஓட்டுநர் அண்ணன்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கையால் திருத்த வேண்டாம். ஸ்வாகர்2ஓப்பன்ஏபிஐ என்ற இலவசக் கருவி இருக்கிறது. டெர்மினலில் அதன் பெயர், உங்கள் கோப்பின் பெயர், ‘-o’ போட்டு வெளியே வரவேண்டிய கோப்பின் பெயர், அவ்வளவுதான் ஒரு கமாண்ட். சர்வரின் முகவரியைச் சொல்லும் ஹோஸ்ட், பேஸ்பாத், ஸ்கீம்ஸ் மூன்றையும் சர்வர்ஸுக்குக் கீழே கொண்டுபோகும். தரவின் வடிவத்தை விவரிக்கும் டெஃபனிஷன்ஸைக் காம்பொனன்ட்ஸுக்குள் வைக்கும். கோரிக்கையின் உள்ளே அனுப்பும் தரவைக் குறிக்கும் பாடி பாராமீட்டரை ரிக்வெஸ்ட்பாடியாக மாற்றும். மூலக் கோப்பில் உள்ள சின்னப் பிழைகளைச் சரிசெய்ய ‘பேட்ச்’ என்றொரு ஆப்ஷனும் உண்டு. அதைப் போட்டால், எதை மாற்றியது என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் நாங்களே செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கருவிக்குத் தெரிவது கோப்பில் எழுதியிருப்பது மட்டும். சர்வர் உண்மையில் எப்படிப் படிக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். மாற்றியது சரியா என்று உங்களால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பழைய கோப்பை எடுத்துவிடாதீர்கள், அதை நம்பி ஓடும் ஆப்கள் இருக்கின்றன. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ரிலீஸின்போதும் இந்தக் கமாண்ட் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். அனுப்பும் முன், புதிய கோப்பை வைத்து உங்கள் சர்வரிடம் மூன்று பெட்டி எண்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து, உங்கள் ஏபிஐயைத் தினமும் பயன்படுத்தும் ஒருவன்