சிக்கின தீவுகளையும் எழுது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

நீ ஞாயிற்றுக்கிழமை கதைத்ததே மனதில் நிற்கிறது. பென்சில் கூரில் இருக்கிற காரீயத்தின் தளத்தில் நீ வளர்த்த, கண்ணுக்குத் தெரியாத பொன் திட்டுகளான தீவுகளில் சில, நுணுக்குக்காட்டியின் ஊசிமுனை தள்ளியதும் வழுக்கிப் போகின்றன. சில அசைய மறுக்கின்றன. அசையாதவற்றை ஆய்வேட்டில் சேர்க்காமல் விடலாமோ என்று கேட்டாய். விடாதே, அம்மா.

நீ அனுப்பின கட்டுரைகளைப் பக்கத்து வீட்டுப் பௌதிகவியல் மாஸ்டரோடு இருந்து வாசித்தேன். பொன் காரீயத்தில் படராமல் தீவாகிறது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. நகைப் பட்டறையில் வெங்காரத்தை நீர்விட்டு உரைத்துப் பொருத்தில் பூசி ஊதும்போது, துப்புரவில்லாத இடத்தில், பொருத்தை ஒட்டவைக்கும் பற்றாசு உருகி ஓடாமல் மணியாய்த் திரண்டு நிற்கும். பொன் அணுக்களுக்கும் காரீயத்தைவிடத் தங்களுக்குள்தான் பிடிப்பு அதிகம்.

வழுக்கும் காரணம்தான் என்னை மலைக்க வைத்தது. பொன்னில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.288 நனோமீற்றர்; காரீயத்தின் ஒழுங்கு 0.246 நனோமீற்றருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இரண்டும் இசையாததால், ஓரணுவை முன்னே தள்ளும் விசையும் இன்னொன்றைப் பின்னே இழுக்கும் விசையும் பெரும்பாலும் கழிபட்டுப் போகின்றன. தொடும் பரப்பு நாலு மடங்கானாலும் உராய்வு கூடினால் இரண்டு மடங்குதான்.

ஆனால் 2008 இல் காரீயத்தின் மேல் அந்திமனி என்ற தனிமத்தின் துகள்களைத் தள்ளிப் பார்த்தவர்கள் இரண்டு வகையையும் கண்டார்கள். சிலவற்றில் உராய்வு இல்லையென்றே சொல்லலாம். மற்றவற்றில் பரப்புக்கு நேர்விகிதமாகக் கூடியது. இரண்டையும் எழுதினார்கள். இடையில் புகுந்த அந்நிய மூலக்கூறுகள் இரு பக்கத்துக்கும் இசைந்து நின்று பூட்டிவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். எங்கள் கன்னாதிட்டிப் பட்டறையில் அழுக்கிருந்தால் ஒட்டாது. உங்களிடம் அழுக்கிருந்தால்தான் சிக்குகிறது!

ஆகவே சிக்கினவற்றைப் பிரித்துப் பார். காரீயப் படை படிபோல் முடிகிற ஓரத்தில் முளைத்தவை அசையாதது வேறு. தட்டையான இடத்தில் நிற்பவை அசையாதது வேறு. ஒட்டும் நாடாவால் மேற்படையை உரித்தபின் காரீயத்தை வெற்றிடத்தில் எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வைத்தாய் என்பது உன் கொப்பியில் இருக்குமே, அதையும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறி. பிறகு பேராசிரியரிடம் காட்டு.

அம்மா பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் அனுப்புகிறா. கிடைத்தவுடன் ஒரு சொல் சொல்லு.

அன்புடன்,
அப்பா