பல்பு கேட்டால் "எந்த இடத்துக்கு?" என்று ஏன் கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"ஒன்பது வாட் எல்இடி ஒண்ணு கொடுங்க" என்று வந்து நிற்கிறீர்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. நாங்களோ "எந்த இடத்துக்குண்ணே? எந்த மாதிரி ஹோல்டர்?" என்று விசாரணையை ஆரம்பிக்கிறோம். மதுரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்தவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் போன கோடையில் "ரெண்டு வருஷ வாரண்டின்னீங்க, நாலு மாசம்கூட வரலை" என்று திரும்பி வந்த பல்புகளைப் பற்றி விசாரித்துப் பார்த்தோம். பெரும்பாலும் பல்பில் குறையில்லை, போட்ட இடத்தில்தான் குறை.

முதலில் வாட் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். வாட் என்பது பல்பு தின்னும் கரண்ட், அது தரும் வெளிச்சத்துக்குப் பெயர் லூமென். 60 வாட் குண்டு பல்பு, 15 வாட் சிஎஃப்எல், 9 வாட் எல்இடி மூன்றும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான், 700 முதல் 900 லூமென் வரை. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் குண்டு பல்புக்கு 18 யூனிட், சிஎஃப்எல்லுக்கு 4.5, எல்இடிக்கு 2.7. அதனால் அட்டைப்பெட்டியில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே 9 வாட்டில் ஒன்று 700 லூமென், இன்னொன்று 900 லூமென் என்று இருக்கும்.

இப்போது இடத்துக்கு வருவோம். குண்டு பல்பின் இழை 2,500 டிகிரி வரை காய்ந்துதான் ஒளி தருகிறது. ஆனாலும் அதற்குச் சூடு ஒரு பொருட்டல்ல, கண்ணாடி வழியாக வெளியே வீசிவிடும். எல்இடி அப்படியில்லை. அதில் வரும் சூடு குறைவுதான், ஆனால் முழுக்கக் கழுத்துப் பகுதியில் தங்கும். அங்கேதான் கரண்டைப் பல்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. அதிலுள்ள கெப்பாசிட்டர் சூடு தாங்காமல் காய்ந்துபோனால் பல்பு செத்தது, ஒளி தரும் சில்லு நன்றாக இருந்தாலும் பயனில்லை. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் சில்லின் ஆயுள். அந்த டிரைவரை, மே மாத வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடி தளத்துக்குக் கீழே, காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தால் என்ன ஆகும்? பழைய கூண்டு, உருண்டை ஷேடு எல்லாம் குண்டு பல்புக்காகச் செய்தவை. அவற்றுக்குள் போடுவதாக இருந்தால் 5 வாட்டுக்கு மேல் வேண்டாம், அல்லது அடிப்பக்கம் திறந்த ஷேடாக மாற்றுங்கள்.

விலையும் இதில் வருகிறது. மலிவு விலையில் எல்இடி பல்பு தரும் உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசு எல்இடி வாங்கிய விலை 2014-இல் 310 ரூபாய், 2016-இல் 38 ரூபாய். விலை இறங்கியது நல்ல விஷயம்தான். ஆனால் சில சரக்கில் விலையோடு சேர்ந்து உள்ளே இருந்து சூட்டை வெளியேற்றும் அலுமினியமும் இறங்கிவிட்டது. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். மொபைல் கேமராவை எரியும் பல்புக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகிறது, டிரைவர் மட்டம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிள்ளைகள் படிக்கிற மேசைக்கு அந்தப் பல்பு வேண்டாம்.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக மினுக்குகிறது, வீட்டில் பேய் இருக்கிறதா என்று ஒரு அம்மா பாதி விளையாட்டாகக் கேட்டார். பேய் இல்லை. ஒன்று, சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கும், அதன் வழியாகக் கசியும் துளி கரண்டே எல்இடிக்குப் போதும். இல்லையென்றால் வயர்மேன் சுவிட்சைக் கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போட்டிருப்பார். இந்த இரண்டாவது காரணம் ஆபத்தானது, பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். உடனே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பூஜையறை ஜீரோ வாட்ஸ் பல்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர்தான் ஜீரோ. அது சுமார் 15 வாட். அந்தக் காலத்துச் சக்கர மீட்டரில் அவ்வளவு குறைந்த கரண்டுக்குச் சக்கரம் சுற்றாது, அதனால் வந்த பெயர். இன்றைய டிஜிட்டல் மீட்டர் விடாது. இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல். அரை வாட் எல்இடி போட்டால் ஒரு யூனிட்கூட வராது. சாமிக்கு வெளிச்சம் ஒன்றும் குறையாது.

குண்டு பல்பை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் இல்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு நாங்களே அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். அங்கே வேண்டியது வெளிச்சமா, கதகதப்பு!

கிராமத்தில் சோக் போட்ட பழைய டியூப்லைட் இன்னும் நிறைய. 40 வாட் டியூப் என்றாலும் தாமிர சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட் தின்னும். வோல்டேஜ் இறங்கினால் மினுக்கிக்கொண்டே இருக்கும், பற்றாது. டியூப் போலவே நீளமாக இருக்கும் 20 வாட் எல்இடி பட்டிக்கு மாறினால் சோக்கும் வேண்டாம், ஸ்டார்ட்டரும் வேண்டாம்.

நிற விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் வெள்ளை, குறைந்தால் மஞ்சள். எல்லா அறைக்கும் 6500 கெல்வின் வெள்ளையே கேட்கிறார்கள். சமையலறைக்கும் படிக்கும் இடத்துக்கும் சரி. படுக்கையறைக்கு 2700 கெல்வின் மஞ்சள் போட்டுப் பாருங்கள், கண் ஓய்வெடுக்கும். வாசல் விளக்கும் மஞ்சளாக இருந்தால் மழை விட்ட அன்று மொய்க்கும் ஈசல் கொஞ்சம் குறையும். சுங்குடிச் சேலைக் கடையும் தையல் கடையும் வைத்திருப்பவர்கள் பெட்டியில் சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள், பொருளின் நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு அது. சாதாரண எல்இடியில் 80 இருக்கும், 90-க்கு மேல் உள்ளதைக் கேளுங்கள். 80-இல் அரக்குச் சிவப்பு செத்துத் தெரியும். "வெளிச்சத்துல காட்டுங்க" என்று வாடிக்கையாளர் சேலையைத் தெருவுக்குத் தூக்கிப் போவது அதனால்தான்.

சிஎஃப்எல் இப்போது எங்களிடம் அநேகமாக இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழையது கிடந்தால் குப்பையில் உடைத்துப் போடாதீர்கள், டியூப்லைட்டையும்தான். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கைதவறி உடைந்தால் ஃபேனை நிறுத்தி, சன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். அப்புறம் தடித்த அட்டையால் வழித்து, மூடி போட்ட டப்பாவில் அடையுங்கள். உடையாதவற்றைக் கடையில் கொடுத்தால் நாங்கள் சேர்த்துவைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைப்போம்.

அடுத்த முறை வரும்போது பழைய பல்பையோ ஹோல்டரின் போட்டோவையோ கொண்டுவந்தால் பின் வகையா, மரை வகையா என்ற பேச்சே வேண்டாம். வாரண்டிக்கு வருகிறவர்கள் பில்லை எடுத்து வாருங்கள். கூண்டுக்குள் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பல்பை மாற்றித் தருகிறோம், கூடவே கூண்டைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் எலக்ட்ரிக்கல் கடைக்காரர்கள், மதுரை