மூன்று நிமிடம் பேச விடுங்கள்: பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், வேலைவாய்ப்புப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்னையை அடுத்த ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவைக் கவனித்துவருகிறேன். பத்தாம் வகுப்பு வரை கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2006-இல் அரசு பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். எட்டு ஆண்டுகளாக, உங்கள் இறுதியாண்டு மாணவர்களைப் பயிற்சிப் பணியாளர்களாகத் தேர்வு செய்யும் குழுவில் இருக்கிறேன். பல ஆண்டுகளாக மனத்தில் அடக்கிவைத்திருந்ததைச் சென்ற மாதம் நடந்த ஒரு நேர்முகத் தேர்வுக்குப் பிறகும் சொல்லாமலிருந்தால், அது நான் படித்த படிப்புக்கே செய்யும் துரோகம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அன்று ஒரே கல்லூரியிலிருந்து பதினொரு மாணவர்கள் வந்திருந்தார்கள். முதல் மாணவர் தன்னை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டார். தன் பலம் கடின உழைப்பு என்றார். தன் பலவீனம் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது என்றார். பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது என்றார். இரண்டாவது மாணவரும் அதையே சொன்னார். மூன்றாவது மாணவர் வாயைத் திறந்தபோது அடுத்து வரப்போகும் சொல் எங்களுக்கே தெரிந்திருந்தது. ஏழாவதாக வந்த மாணவர், திட்டக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தவர், சொந்த ஊர் மதுரை என்று ஒப்பித்தார். "தம்பி, விண்ணப்பத்தில் வேறு ஊர் இருக்கிறதே?" என்று கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேறு யாருக்காகவோ எழுதப்பட்ட ஒரு தாளைக் கல்லூரியில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பயத்தில் அவர் தாளில் இருந்த ஊரையே சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் அவரை ஆங்கிலத்தில் கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை. மேசையில் இருந்த பழைய வெர்னியரை (நுண்ணிய அளவுகளை எடுக்கும் கருவி) அவர் பக்கம் நகர்த்தி, குழாய்த் துண்டு போன்ற ஒரு புஷ்ஷின் வெளிவிட்டத்தை அளந்து காட்டச் சொன்னேன். அவர் உடனே அளக்கவில்லை. கைக்குட்டையால் இரண்டு தாடைகளையும் துடைத்தார், மூடினார், சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுழிப்பிழை... ஜீரோ எரர் இருக்கு சார். பிளஸ்ல 0.04. அளக்கிறதுல இருந்து இதைக் கழிக்கணும்" என்றார். குரலில் நடுக்கம் போயிருந்தது. அந்த வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர். மூடியபோது சுழியில் நிற்காமல் அதில் இரண்டே கோடு தள்ளியிருந்ததைக் கண்டுபிடித்தார். அதே மேசையில் அதற்கு முன் உட்கார்ந்த ஆறு பேரில் ஒருவருக்கும் அந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியிருக்காது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, ஏனென்றால் அவர்களிடம் நாங்கள் அதைக் கொடுக்கவேயில்லை.

அவர் தேர்வாகவில்லை. மூவர் குழுவில் நான் ஒருவன். மற்ற இருவரும் "கம்யூனிகேஷன் போதாது" என்று எழுதினார்கள். அவர்கள் எழுதியது பொய் என்று வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை. அவரால் பேச முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்றாண்டுகளில் அவரை ஒரு தடவையாவது யாராவது பேச விட்டார்களா என்பதுதான் என் கேள்வி. வெளியே போகும்போது அவரிடம் கேட்டேன். கடைசிப் பருவத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்ததாம். வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தாராம். கலையரங்கத்தில் நூற்றெண்பது பேர். மூன்று நாளும் மைக் அவர் கையிலேயே இருந்ததாம். பேச்சுத் திறனுக்கான பயிற்சியில் மாணவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று அழைத்துப்போய்க் கரையிலேயே உட்கார வைத்துவிட்டு, பிறகு ஆற்றில் இறக்கிவிட்டிருக்கிறோம்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. முதல் பருவத்திலிருந்தே, ஒவ்வொரு மாணவரையும் வாரத்துக்கு மூன்று நிமிடம் எழுந்து நின்று பேச விடுங்கள். அந்த வாரம் பட்டறையில் தன் கையால் செய்த ஒரு வேலையை அவர் விளக்கட்டும்: என்ன செய்தேன், எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்தேன். முதல் ஆண்டில் தமிழில் பேசட்டும். பொருள் தெளிவானபின் அதையே இரண்டாம் ஆண்டில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். அறுபது பேர் வகுப்பைச் செய்முறைக்காக நீங்கள் ஏற்கெனவே முப்பது முப்பதாகப் பிரிக்கிறீர்கள். முப்பது பேருக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது இரண்டு பாட வேளை போதும். பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு பருவத்தில் ஒரு மாணவர் தொண்ணூறு தடவை எழுந்து நின்றிருப்பார். ஐ.டி.ஐ. அல்லது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கூட அறுபது தடவை பேசியிருப்பார். அப்படிப் பேசியவர் எங்கள் முன் வந்து ஊர்ப் பெயரைத் தொலைக்க மாட்டார். இதற்கு வெளியாள் வேண்டாம், தனியாகப் பணமும் வேண்டாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழியும் இல்லை. 1924-இல் அமெரிக்காவின் சாண்டா ஆனா நகரில் தொடங்கி இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் நடப்பது இதுதான். பேச்சாளராக வேண்டும் என்று வந்தவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவதில்லை. எழுந்து ஓரிரு நிமிடமாவது பேசுகிறார், ஒருவர் நேரம் பார்க்கிறார், இன்னொருவர் நிறைகுறை சொல்கிறார். அவர்கள் கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பப் பேசித்தான்.

பேச்சு என்றால் நேர்முகத் தேர்வுக்கான பேச்சு மட்டும்தான் என்று பலர் நினைப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் இரவு ஷிஃப்டில் ஒரு பயிற்சிப் பணியாளர் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் நின்றுகொண்டிருந்தார். துளையை அளக்கும் போர் கேஜில் அதன் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்திருக்கிறார். வெட்டுமுனையான இன்சர்ட் தேய்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டும் ஆஃப்செட் அளவை மாற்ற அவருக்கு அனுமதி இல்லை. சொல்ல வேண்டிய மேற்பார்வையாளர் தமிழ் தெரியாதவர், நான்கு இயந்திரம் தள்ளி நின்றிருக்கிறார். காலையில் 140 உதிரிபாகங்கள் கழிவாகக் கிடந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அவருக்கு வேலை தெரியும், பிழை தெரியும், காரணம்கூடத் தெரியும். தெரிந்ததை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் முதல் சொல் மட்டும் அவரிடம் இல்லை.

தானாக முன்வந்து செய்யும் குணம் இளைஞர்களிடம் இல்லை என்று கூட்டங்களில் நாம் எல்லோரும் குறைப்படுகிறோம். அது எங்கே போனது? வகுப்பில் இரண்டாவது கேள்வி கேட்கும் மாணவருக்கு அதிகப்பிரசங்கி என்று பெயர். கடைசல் இயந்திரமான லேத்தில் வேறு விதமாக ஒன்றைச் செய்து பார்த்தவருக்கு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக் கிடைப்பதில்லை. மூன்றாண்டுகள் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, படிப்பு முடிந்த மறுநாள் அவரே யோசிக்க வேண்டும், அவரே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951-லேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்டு வாங்கும் முறையைத் தொடங்கியது. இன்று எங்கள் பகுதித் தொழிற்சாலைகளிலும் கைசன் தாள், அதாவது வேலையை மேம்படுத்தும் யோசனையை எழுதித் தரும் தாள், இருக்கிறது. இப்போது எப்படி இருக்கிறது, என்ன மாற்றலாம், அதனால் என்ன பயன் என்று மூன்று கட்டம். எங்கள் பிரிவில் அதை நிரப்பிக் கொடுப்பவர்களுக்குத்தான் அடுத்த பொறுப்பு தேடி வருகிறது. அந்த மூன்று கட்டத்தை நிரப்பத் தேவையான பழக்கம் மேலே நான் கேட்ட மூன்று நிமிடத்தில் இருக்கிறது.

நிறுவனங்களின் மேலும் தவறு இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆங்கிலம் பேசுவதையும் கருத்தைத் தெளிவாகச் சொல்வதையும் ஒன்றென்று நாங்கள் குழப்பிக்கொண்டிருக்கிறோம்; வெர்னியரைக் கொடுத்துப் பார்க்காமல் ஒப்பித்தலுக்கு மதிப்பெண் போடுகிறோம். அரசுப் பணிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கு 2010-இல் வந்த சட்டம் 20 விழுக்காடு இட ஒதுக்கீடு தருகிறது. தனியார் தொழிற்சாலையின் வாசலில் அப்படி ஒரு துணை எதுவும் இல்லை. மாணவர்களின் திறனை வளர்க்க 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்தக் குறையைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பதை நன்றியோடு பார்க்கிறேன். ஆனால் எந்தத் திட்டமும் உங்கள் வகுப்பறைக்குள் வந்து ஒரு மாணவரை எழுப்பி நிற்க வைக்காது. அதை ஆசிரியர்தான் செய்ய முடியும்.

எனக்கு அப்படிச் செய்தவர் ஆசிரியர் இல்லை, என் முதல் மேற்பார்வையாளர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, ஷிஃப்ட் முடிந்ததும் லாக் புத்தகத்தில் நான் எழுதியதை எல்லோர் முன்பும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். முதல் மாதம் முழுவதும் உள்ளங்கை வியர்த்தது. மறுநாள் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியத்தை ஒவ்வோர் இரவும் விடுதி அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் கிடைத்ததால் நான் தப்பினேன். திட்டக்குடிப் பக்கத்து மாணவருக்கு அப்படி ஒருவர் கிடைக்கும் முன்பே கதவு மூடிவிட்டது. நல்ல மேற்பார்வையாளர் அமைவது அதிர்ஷ்டமாக இருக்கலாம். கல்லூரியில் பேசக் கிடைக்கும் வாய்ப்பும் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆசிரியர் பற்றாக்குறையும், பாடத்தை முடிக்கும் அவசரமும், சேர்க்கை குறையும் கவலையும் உங்களுக்கு இருப்பதை அறிவேன். அவற்றுக்கு நடுவிலும் அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையைப் போட உட்காரும்போது, ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் இரண்டு பாட வேளையை மாணவர்கள் பேசுவதற்கென்று ஒதுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஜெராக்ஸ் தாளை இந்த ஆண்டோடு நிறுத்திவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரகடத்திலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள எந்தக் கல்லூரி அழைத்தாலும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் வந்து அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்க நான் தயார். பயணப்படியோ சன்மானமோ வேண்டாம். அந்தப் பழைய வெர்னியரையும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
பழைய டிப்ளமோ மாணவன் ஒருவன்
ஒரகடம்